சாவா மூவாப் பேராடு: வெள்ளாட்டின் குடற்புழு எதிர்ப்பும் மரபு வேறுபாடும் – நடுநாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குடற்புழுவை எதிர்க்கும் ஆற்றல் எல்லா வெள்ளாட்டுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஓர் இனத்துக்கும் மற்றோர் இனத்துக்கும் இடையே மட்டுமன்றி, ஒரே பட்டியில் அடையும் இரண்டு ஆடுகளுக்கு இடையேயும் அது வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு இறங்குகிறது. இவ்வேறுபாடு தமிழகத்து மந்தைகளில் எவ்வாறு நிலைத்தது, அறிவியல் அதை எப்போது அளக்கக் கற்றது, மருந்தும் இனக்கலப்பும் அதை எவ்வாறு கண்ணுக்கு மறைத்தன என்னும் மூன்று வினாக்களை, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துப் பகுதியைக் களமாக நிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளாடு, குடற்புழு, மரபு வேறுபாடு, எதிர்ப்பாற்றல், தாங்குதிறன், நடுநாடு, நெய்வேலி

களம்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்த ஊர் வடக்குத்து. சுற்றிலும் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். முந்திரியும் பலாவும் இம்மண்ணின் அடையாளங்கள். மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. தை பிறந்தபின் நிலம் காயத் தொடங்கும். சித்திரையில் புல் சருகாகிவிடும். இத்தகைய நிலத்தில் வெள்ளாடு வேலியோரத் தழையையும் முள்மரத்து நெற்றையும் புதர்க்கொழுந்தையும் தின்று வளர்ந்தது. இங்குள்ள ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இனப்பெயர் கிடையாது. வளர்ப்போர் அவற்றை நாட்டாடு என்பர்; குட்டையாக இருப்பின் பள்ளையாடு என்பர். அரசு ஆவணங்களில் அவை 'இனம் குறிப்பிடப்படாதவை' என்னும் கட்டத்துக்குள் போய்விடுகின்றன.

இந்நிலத்தின் நீர் ஒழுங்கு சென்ற நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் சுரங்கப் பணி தொடங்கியது. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தாலன்றி அங்குச் சுரங்கம் நடவாது. இறைத்த நீர் வாய்க்கால்களில் ஓடி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வரை சென்று பாசனத்துக்குப் பயன்படுகிறது. உழவர்க்கு அது நன்மையே. ஆட்டுக்கு எவ்வாறு என்பது யாரும் கேளாத கேள்வி. கோடையிலும் ஈரம் உலராத கரைகளும் பசும்புல்லும், மானாவாரி நிலத்து வெள்ளாடு முன்னர் அறியாத மேய்ச்சல். மேய்புறம்போக்கு சுருங்கச் சுருங்க, தழை தின்னி ஆடு அக்கரைப்புல்லை நாடுகிறது. இம்மாற்றம் புழுவுக்கு ஆண்டு முழுவதும் புகலிடம் அளித்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஏன் என்பதை அறியப் புழுவின் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே காணவேண்டும்.

புழுவும் நுனிப்புல்லும்

வெள்ளாட்டைத் தாக்கும் உருளைப்புழுக்களுள் கொடியது ஹீமோங்கஸ் கண்டார்ட்டஸ். 1803இல் ருடால்ஃபி என்னும் செருமானிய அறிஞர் இவ்வுயிரினத்தை விவரித்தார். ஹீமோங்கஸ் என்னும் பேரினப் பெயரைக் காப் என்பவர் 1898இல் அளித்தார். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி வாழும் இப்புழு குருதியை உறிஞ்சுகிறது. பெண்புழுவின் உடலில் குருதி நிறைந்த செங்குடலும் வெண்ணிறக் கருப்பையும் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றியிருப்பதால், அது சிவப்பும் வெள்ளையும் திரித்த நூல்போல் தோன்றும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மி.லி. குருதியை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழுக்கள் உள்ள ஆடு நாள்தோறும் 50 மி.லி. இழக்கும். இருபது கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு இவ்விழப்பு சில வாரங்களில் உயிரைக் கொள்ளும். கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும்; தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும்; ஆடு மந்தையின் பின்னால் தங்கித் தங்கி நடக்கும். இப்புழுவால் கழிச்சல் உண்டாதல் கட்டாயமில்லை. அதனால் வளர்ப்போர் பலர் நோயைப் புழுவோடு பொருத்திப் பார்ப்பதில்லை.

பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடுகிறது. புழுக்கையோடு நிலத்தில் விழும் முட்டை, வெப்பமும் ஈரமும் கூடினால் ஒரு வாரத்துக்குள் பொரிந்து, இருமுறை தோலுரித்து, நோயுண்டாக்கும் மூன்றாம் நிலை இளம்புழுவாகிறது. அது நீர்ப்படலத்தின் வழியே புல்லின் மேல் ஊர்ந்தேறும். நெடுந்தொலைவு ஏறும் வலிமை அதற்கில்லை; தரையை ஒட்டிய சில அங்குலப் புல்லிலேயே பெரும்பகுதி தங்கிவிடுகிறது. நிலம் வறண்டு வெயில் சுட்டெரித்தால் மாண்டுபோகிறது. மானாவாரி நாட்டின் கோடை, இவ்வகையில், செலவில்லாத புழுநீக்கமாகும். சுரங்க நீர் ஓடும் கரையில் அக்கோடை இல்லை.

'நுனிப்புல் மேய்தல்' என்பதைத் தமிழில் இழிவாகவே வழங்கி வருகிறோம். ஆழமாகக் கல்லாதவனைப் பழிக்க வெள்ளாட்டின் இயல்பைச் சான்று காட்டுகிறோம். புழுவின் வாழ்க்கையை நோக்கின், நுனியைக் கடித்து அடியை விடுவது வெள்ளாட்டுக்கு வாய்த்த தற்காப்பாகத் தெரிகிறது. தரையோடு தரையாகப் புல் மேயும் செம்மறி புழுவைத் தவிர்க்க முடியாமல் விழுங்கி, தலைமுறை தலைமுறையாக உடலுக்குள் வலுவான எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது. மேலே எட்டித் தழை தின்ற வெள்ளாடு புழுவைப் பெரும்பாலும் சந்திக்கவே இல்லை. அதன் உடலெதிர்ப்பு ஒப்பளவில் மெலிந்தது என்பது ஒட்டுண்ணியியலாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். தழை கிடைக்காமல் வெள்ளாடு புல்வெளிக்குத் தள்ளப்படும்போது செம்மறியைவிட மிகுதியாகப் புழுத் தாக்குதலுக்கு உள்ளாவது இதனால்தான். ஆகவே, வெள்ளாட்டின் காப்பு இரண்டு அடுக்குகள் கொண்டது: ஒன்று மேயும் பழக்கம், மற்றொன்று உடலின் எதிர்ப்பு. முதலாவது பறிபோகும் இடத்தில் இரண்டாவதன் வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிறது.

கல்வெட்டு ஆடுகள்

பண்டைத் தமிழ் இலக்கியம் ஆயரைக் கோவினத்தார், கோட்டினத்தார், புல்லினத்தார் என வகுத்துக் காட்டும். இவர்களுள் ஆட்டு மந்தை உடையோர் புல்லினத்தார். இவ்வாயர் மரபினரைச் சோழர் காலக் கல்வெட்டுகள் மன்றாடிகள் என்னும் பெயரால் குறிக்கின்றன. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் ஆடுகளை அறமாக அளிப்பார். அவ்வாடுகள் மன்றாடியிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது கணக்கு. வேறு இடங்களில் தொண்ணூறு ஆடு என்னும் வழக்கும் உண்டு. இவ்வாடுகளுக்குக் கல்வெட்டு சூட்டும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'.

சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் இல்லை. இத்தொடர் ஓர் ஒப்பந்த விதி. மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாது. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகப் பிறந்த குட்டியை மன்றாடி சேர்த்துக்கொள்வார். இழப்பு அவருடையது, பெருக்கமும் அவருடையது. வரலாற்றாசிரியர்கள் இதனைக் கோயில் பொருளாதாரத்தின் சான்றாக விளக்கியுள்ளனர். மரபியல் நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. சாவின் பொறுப்பை வளர்ப்பவர் தலையில் வைத்த இவ்வேற்பாட்டில், எந்தத் தாயின் குட்டி மழைக்காலத்தைக் கடந்து நிற்கும் என்பதை அறியாத மன்றாடி நெய்யளக்க முடியாமல் தவித்திருப்பார். மருந்தில்லாத காலத்தில் மந்தையைத் தொண்ணூற்றாறாகவே நிறுத்தியது ஈடு செய்யும் குட்டிகள். அக்குட்டிகளோ, பிழைத்த தாய்களின் குட்டிகள்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கல்வெட்டு கூறும் ஆடுகளில் பெரும்பகுதியைச் செம்மறி என்றே அறிஞர் கொள்கின்றனர். அக்கணக்கை வெள்ளாட்டுக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது. இரண்டாவது, முதன்மையானது: வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பிழைத்த ஆடு மட்டுமே, புழுவை எதிர்த்த ஆடு அன்று. எதிர்ப்பாற்றல் வேறு, தாங்குதிறன் வேறு. எதிர்ப்பாற்றல் உடைய ஆட்டின் வயிற்றில் புழு நிலைபெறாது. நிலைத்தாலும் சிறுத்து, குறைவாக முட்டையிடும். தாங்குதிறன் உடைய ஆடு நிறையப் புழுவைச் சுமந்துகொண்டே கொழுகொழுவென்று திரியும். நாள்தோறும் இலட்சக்கணக்கான முட்டைகளை மேய்ச்சல் நிலத்தில் உதிர்த்து மற்ற ஆடுகளைக் கொல்லும். நம் முன்னோர் புழு எதிர்ப்பு இனங்களைத் திட்டமிட்டு உருவாக்கினர் என்று கூறும் ஆர்வம் இன்று பல எழுத்துகளில் காணப்படுகிறது. அதற்குச் சான்றில்லை. அவர்கள் காத்தது வேறுபாட்டை. பலவகை ஆடுகளையும் கலந்து வைத்திருந்தனர். கொள்ளைச்சாவு வந்தபோது சில எஞ்சின. எஞ்சியவற்றிலிருந்து மந்தை மீண்டது. அது திட்டமன்று, வழக்கம். ஆயினும் அதன் விளைவு மெய்யானது.

எண்ணக் கற்ற அறிவியல்

ஆட்டுக்கு ஆடு புழுச்சுமை வேறுபடுகிறது என்று சொல்வதற்கு முதலில் புழுவை எண்ண வேண்டும். இந்தியாவில் புழுக்களைப் பெயரிட்டுத் தொகுக்கும் பணி முன்னரே நடந்தது. பாலேராவ் 1935இல் வெளியிட்ட இந்திய வீட்டு விலங்குகளின் புழு ஒட்டுண்ணிகள் பற்றிய நூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. சென்னையில் 1903இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி வழியே இவ்வறிவு தமிழ் மாவட்டங்களுக்கு வந்தது. ஆனால், எந்தப் புழு எங்கே உள்ளது என்னும் பட்டியல், எந்த ஆட்டில் எவ்வளவு என்னும் கேள்விக்கு விடை தராது.

அவ்விடைக்கான கருவி ஆஸ்திரேலியாவில் பிறந்தது. சிட்னியில் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்டனும் விட்லாக்கும் 1939இல் ஓர் எளிய எண்ணும் முறையை வெளியிட்டனர். கோடுகள் பொறித்த கண்ணாடி அறையில் உப்புக்கரைசலோடு கரைத்த சாணத்தை ஊற்றினால் முட்டைகள் மேலே மிதக்கும். கோட்டுக்குள் வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பெருக்கினால் ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டை என்பது கிடைக்கும். இன்றும் தமிழகத்தின் கால்நடை நோய்ப் புலனாய்வுக் கூடங்களில் பயன்படுவது அடிப்படையில் இதே கண்ணாடித் தட்டுதான்.

எண்ணத் தொடங்கியதும் வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. மந்தையில் புழு சரிசமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலான ஆடுகளில் சில புழுக்களே இருக்க, மிகச் சில ஆடுகளில் புழுக்கள் குவிந்து கிடந்தன. ஒட்டுண்ணிகள் இவ்வாறு ஒருபால் குவிவது பொதுவிதி என்பதை கிராஃப்டன் 1971இல் கணித வழியில் நிறுவினார். ஒரே நிலத்தில் ஒரே புல்லை மேய்ந்த ஆடுகளிடையே ஏன் இவ்வேறுபாடு? வயது, சினை, பால், தீவனம் ஆகியவை ஒரு பகுதியை விளக்கின. ஈற்றுக் காலத்தை ஒட்டித் தாயின் எதிர்ப்பு தளர்ந்து முட்டை எண்ணிக்கை உயர்வது எங்கும் காணப்படுவது. எஞ்சிய பகுதி பிறவியிலேயே அமைந்தது. 1963இல் எவான்ஸ் முதலியோர் மெரினோ செம்மறிகளில் குருதிச் சிவப்பணுப் புரதத்தின் வகைக்கும் ஹீமோங்கஸ் தாக்குதலின் கடுமைக்கும் தொடர்பு காட்டினர். முழுமையான விளக்கமாக அது நிற்கவில்லை; ஆனால், எதிர்ப்பு குருதியில் வருவது என்னும் கருத்துக்கு அதுவே முதற்கால்களில் ஒன்று.

வெள்ளாட்டைப் பொறுத்தமட்டில் ஆப்பிரிக்கச் சான்று குறிப்பிடத்தக்கது. கென்யாவின் கடற்கரைப் பகுதியில் 1990களில் பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட நீண்ட கால ஆய்வில், உருவில் சிறிய கிழக்காப்பிரிக்க ஆடு, வறள்நிலத்துக் கல்லா ஆட்டைவிடக் குறைவான முட்டைகளை வெளியேற்றியது. சாவும் அதில் குறைவு. ஈரம் மிகுந்த நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த சிற்றாடு புழுவோடு பழகியது. புழு அரிதான வறள்நிலத்தில் வளர்ந்த பேராடு பழகவில்லை. கரீபியத் தீவான குவாதலூப்பில் பிரெஞ்சு ஆய்வாளர் கிரியோல் ஆடுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, முட்டை எண்ணிக்கையில் மரபுவழிப் பங்கு உண்டென்பதைக் கணித்தனர். இனத்துக்கு இனமும் வயதுக்கு வயதும் அப்பங்கு மாறினாலும், பல ஆய்வுகளில் அது ஏறக்குறைய பத்தில் ஒன்று முதல் மூன்று வரை அமைகிறது. தேர்ந்து பெருக்க இது போதுமான அளவே.

இந்தியாவில் இராசத்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் மால்புரா, அவிகாலின் செம்மறிகளில் குறைமுட்டை வழி, மிகைமுட்டை வழி என இரு கிளைகளைப் பிரித்து வளர்த்தது. மதுராவை அடுத்த மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜமுனாபாரி, பார்பாரி ஆடுகளின் முட்டை எண்ணிக்கையை ஆராய்ந்தனர். மகாராட்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சுந்தரவனத்துக் கரோல் செம்மறியைத் தக்காணி, பன்னூர் செம்மறிகளோடு கலந்து சோதித்தபோது, சதுப்பு நிலத்துச் சிற்றுருவக் கரோலின் குருதி சேர்ந்த குட்டிகள் புழுவை மேலாக எதிர்த்தன. ஆனால், எடை குறைந்தன. கென்யா கூறிய செய்தியே வேறொரு நாட்டில் வேறொரு விலங்கின் வழியே மீண்டும் கூறப்பட்டது.

மருந்து மூடிய திரை

இவ்வளவு தெரிந்தபின்னும் எதிர்ப்புள்ள ஆட்டைத் தேடும் முயற்சி ஏன் மந்தைக்கு வரவில்லை? விடை மருந்துப் புட்டியில் உள்ளது. துரிசும் புகையிலைச் சத்தும் கலந்து புகட்டிய காலம் 1930களின் இறுதியில் பினோதயசின் வரவோடு முடிந்தது. 1961இல் தயபெண்டசோல் வந்தது. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. சப்பானிய மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து பிறந்த அம்மருந்துக்காக ஓமுராவும் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் ஆற்றோரக் கண்பார்வையிழப்பு நோயை ஒடுக்கிய அம்மருந்தின் பெருமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆட்டுப்பட்டியில் அதன் வரலாறு வேறு.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து புகட்டினால், எதிர்ப்புள்ள ஆடும் எதிர்ப்பற்ற ஆடும் ஒன்றுபோல் பிழைக்கும். வளர்ப்பவர் கண்ணில் வேறுபாடு மறைந்துவிடும். அதே வேளையில் புழுவிடம் நேர்மாறான தேர்வு நடக்கிறது. மருந்துக்குச் சாகாத சில புழுக்களே எஞ்சி அடுத்த தலைமுறையைப் பெறும். தயபெண்டசோல் வந்த சில ஆண்டுகளுக்குள் அதற்கு அடங்காத புழு பதிவாயிற்று. இந்தியாவில் 1976ஆம் ஆண்டிலேயே பினோதயசின், தயபெண்டசோல் இரண்டையும் மீறிய ஹீமோங்கஸ் செம்மறிகளில் அறிவிக்கப்பட்டது. 2000களில் தமிழகத்துச் செம்மறிப் பண்ணைகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துக் குடும்பங்களை எதிர்க்கும் புழுக்கள் கண்டறியப்பட்டன. இவ்வெதிர்ப்புக்கும் மரபணுவே அடிப்படை. பென்சிமிடசோல் மருந்துகளைப் பொறுத்தவரை, புழுவின் பீட்டா டியூபுலின் புரதத்தில் 200ஆம் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறினால் மருந்து பற்றிக்கொள்ள இடமின்றிப் போகிறது என்பதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆட்டின் வேறுபாட்டை மறந்தோம். புழுவின் வேறுபாட்டை வளர்த்தோம்.

வெள்ளாட்டின் பங்கு இதில் தனித்துக் கூறத்தக்கது. மருந்தை உடலில் சிதைத்து வெளியேற்றும் விரைவு செம்மறியைவிட வெள்ளாட்டுக்கு மிகுதி. செம்மறிக்கு வரையறுத்த அளவு வெள்ளாட்டுக்குப் பற்றாது. பல மருந்துகளில் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை வேண்டும். பல நாடுகளில் நெடுங்காலம் செம்மறி அளவையே வெள்ளாட்டுக்கும் புகட்டினர். புழுவைக் கொல்லாமல் பழக்கும் அளவு அது. எதிர்ப்புள்ள புழுக்கள் பெருக வெள்ளாட்டு மந்தைகள் விளைநிலமானதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பர்.

தென்னாப்பிரிக்கர் ஒரு வழி கண்டனர். மாலன் என்னும் கால்நடை மருத்துவர் ஆட்டின் கீழிமையை விலக்கி, உட்சவ்வின் நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டார். அவர் பெயரின் எழுத்துகளையே கொண்ட ஃபமாச்சா அட்டை 1990களில் நடைமுறைக்கு வந்தது. சிவந்த இமைக்கு மருந்தில்லை. வெளுத்த இமைக்கு மட்டும் மருந்து. மருந்துண்ணாத ஆடுகளின் வயிற்றில் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் தஞ்சமடைந்து உயிர்வாழும். அவை எதிர்ப்புள்ள புழுக்களோடு கலந்து மருந்தின் ஆற்றலைக் காக்கும். மரபியலாளர்க்கு இதில் மற்றொரு நலம் உண்டு. எந்த ஆடு ஆண்டுதோறும் வெளுக்கிறது, எது வெளுப்பதே இல்லை என்னும் கணக்கு தானாகவே சேர்ந்துவிடுகிறது. மருந்து இட்ட திரையை அட்டை சற்றே விலக்குகிறது. குறை ஒன்றும் உண்டு: இமையின் நிறம் காட்டுவது குருதி நிலையை; தாங்குதிறனுள்ள ஆட்டை அது எதிர்ப்புள்ள ஆடாகக் காட்டிவிடக் கூடும். முட்டை எண்ணிக்கை இல்லாமல் இரண்டையும் பிரிக்க இயலாது.

பெருத்த ஆடு

மற்றொரு திரை இனக்கலப்பு. சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஜமுனாபாரி உயர்ந்த உருவமும் நீண்டு தொங்கும் காதுகளும் உடையது. ஆங்கிலேயர் அதன் குருதியைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று ஆங்கிலோ நூபியன் இனத்தை உருவாக்கினர். டச்சுக்காரர் சாவகத்துக்குக் கொண்டுசென்றனர். இந்தியாவிலும் நாட்டாட்டை உயர்த்தும் கிடாவாக அதுவே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. தமிழகத்தில் அதனோடு தலைச்சேரியும், அண்மைக் காலத்தில் தென்னாப்பிரிக்கப் போயரும் சேர்ந்தன. எடை என்பதே அளவுகோல். வறண்ட நிலத்துக் கொழுத்த ஆட்டை ஈரநிலத்துக்குக் கொண்டுவந்தால் என்னவாகும் என்பதைக் கென்யா காட்டியிருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஈரம் மிகுந்த தென்கிழக்குப் பகுதியில் போயர், கீக்கோ, ஸ்பானிய ஆடுகளை ஒப்பிட்டபோது, பெயர்பெற்ற போயர் பெட்டைகளே உடல்நலத்திலும் நிலைத்து நிற்பதிலும் பின்தங்கின. கீக்கோவின் பிறப்பு நம் பொருளுக்கு நெருக்கமானது. நியூசிலாந்தில் காட்டில் திரிந்த ஆடுகளைப் பிடித்துப் பால் இனக் கிடாக்களோடு கலந்து, கவனிப்பைக் குறைத்து விட்டு, நிலைத்தவற்றை மட்டும் பெருக்கியதால் வந்தது அது. மன்றாடியின் வழக்கத்தை நியூசிலாந்தார் திட்டமாக்கினர் எனலாம்.

தமிழகத்தின் தனித்த இனங்கள் அனைத்தும் வறள்நிலத்தில் உருவானவை. முகத்தில் வெண்கோடோ செங்கோடோ கொண்ட கன்னி ஆடு, பால்கன்னி, செங்கன்னி என இருவகைப்பட்டுத் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டக் கரிசலில் வாழ்கிறது. கரும்போரை, செம்போரை என்னும் நிறங்களையுடைய கொடி ஆடு அதன் அண்டை நிலத்தது. சேலம் கருப்பு மேற்கு மேட்டு நிலத்தது. இவற்றின் விவரிப்பில் நிறமும் கொம்பும் காதும் எடையும் விரிவாக இடம்பெறுகின்றன. மழைக்காலப் புழுமுட்டைக் கணக்கு அத்தகைய முதன்மை பெறுவதில்லை. நடுநாட்டு நாட்டாட்டுக்கு அவ்விவரிப்பும் கிடையாது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழை மகளிர்க்கு விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு நான்கு ஆடு. ஐந்தாண்டில் ஏழு இலட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. நிலமில்லாக் குடும்பத்துக்கு ஆடு நகரும் சேமிப்பாகும். குழந்தையின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது. அதன் நன்மையை இக்கட்டுரை மறுக்கவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 81 இலட்சமாக இருந்த தமிழக வெள்ளாட்டுத் தொகை 2019இல் ஏறக்குறைய 99 இலட்சமாக உயர்ந்தது. கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அன்று, இடப்பெயர்ச்சியை. சந்தையில் வாங்கிய ஆடு தான் பிறந்த நிலத்தின் புழுவைத் தன் வயிற்றில் கொண்டே வருகிறது. அப்புழு மருந்துக்கு அடங்காததாயின், புதிய நிலத்தில் அதுவும் குடியேறுகிறது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளிதோறும் கூடும் வேப்பூர் ஆட்டுச்சந்தை, இவ்வகையில், ஆடுகள் மட்டுமன்றிப் புழுக்களின் மரபணுக்களும் கைமாறும் இடம்.

மரபணுவில் எஞ்சியிருப்பது

2013இல் சீனாவின் யுன்னான் கருப்பாட்டின் மரபணுத் தொகுதி வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரபு வேறுபாடுகளை ஒரே முறையில் சோதிக்கும் சில்லு விவரிக்கப்பட்டது. எதிர்ப்புக்கு ஒற்றை மரபணு கிடைத்துவிடும் என்னும் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நோய்க் காப்போடு தொடர்புடைய திசுப் பொருத்த மரபணுக்கள், காமா இன்டர்ஃபெரான் முதலியவற்றின் அருகே செம்மறியில் தடயங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூடி அமைப்பதே எதிர்ப்பு. ஆதலால் அது ஒரு கிடாவின் வழியே ஒரே தலைமுறையில் வந்து சேர்வதில்லை. அதே காரணத்தால், கலப்பினால் ஒரே தலைமுறையில் பாதியாகச் சிதறக்கூடும்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு வரலாற்று மாணவரையும் வியக்க வைக்கும். வீட்டு வெள்ளாடு மேற்காசிய மலைச்சாரலில் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டது. பழங்கால எலும்புகளின் மரபணுக்களையும் இன்றைய ஆடுகளின் மரபணுக்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர், குடற்சளிப் புரதம் ஒன்றை உண்டாக்கும் மியூசின் 6 என்னும் மரபணுவின் குறிப்பிட்ட வடிவம், காக்கசு மலையின் காட்டாட்டை ஒத்த ஓர் இனத்திலிருந்து கலப்பால் வந்தது என்று கண்டனர். குடலைத் தாக்கும் நோயுயிர்களை எதிர்க்க அவ்வடிவம் உதவியது. இன்று உலகின் வீட்டு வெள்ளாடுகள் ஏறத்தாழ அனைத்திலும் அதுவே உள்ளது. மனிதர் ஆட்டைப் பட்டியில் நெருக்கி அடைத்தவுடன் எழுந்த முதல் இடர்களில் ஒன்று குடல்நோய் என்பதும், ஆடு அதற்கு விடையாக ஓர் அயல் மரபைப் பற்றிக்கொண்டது என்பதும் இதனால் விளங்குகின்றன. இங்கே நோக்கத்தக்கது, பேரளவில் பரவிவிட்ட அவ்வடிவம் இனித் தேர்வுக்கு உதவாது என்பது. எல்லா ஆட்டிலும் இருக்கும் ஒன்றால் ஓர் ஆட்டை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடியாது. அடுத்த தேர்வுக்குரிய மூலப்பொருள் இன்னும் பரவாத, சில மந்தைகளில் மட்டும் உள்ள, பெயரிடப்படாத வேறுபாடுகளே.

அவ்வேறுபாடுகள் இருக்கக்கூடிய இடமாக வடக்குத்தைப் போன்ற ஊர்களின் நாட்டாட்டைக் கருதலாம். கோடையிலும் ஈரமுள்ள கரையில் அறுபதாண்டுக்கு மேலாக மேய்ந்த மந்தைகள், அறியாமலே நடத்தப்பட்ட ஒரு நெடிய சோதனைக்கு உட்பட்டவை. எந்தத் தாய்வழி அச்சோதனையில் தேறியது என்பதை வளர்ப்பவர் ஓரளவு அறிவர். ஏட்டில் எவரும் எழுதவில்லை. எழுதுவதற்கு வேண்டியவை அரிய பொருள்கள் அல்ல: காதில் எண் பொறித்த தோடு, இமை நிறத்துக்கு ஓர் அட்டை, முட்டை எண்ணக் கோடிட்ட கண்ணாடித் தட்டு, தாயின் எண்ணையும் குட்டியின் எண்ணையும் சேர்த்தெழுதும் ஒரு குறிப்பேடு. ஐப்பசி முதல் தை வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே ஆடுகளைச் சித்திரையில் கரையோரத்தில் மேய்பவை, மேட்டில் தழை தின்பவை என இரு பிரிவாக்கி மறுபடியும் ஒருமுறை எண்ண வேண்டும். போயர்க் கிடாவின் குட்டிகள் பட்டியை நிறைக்கும் முன் அக்குறிப்பேட்டின் முதற்பக்கம் எழுதப்பட வேண்டும்.